மலையில்லா ஊரில் மலை கீறும் பிள்ளைகள்

ஊர்காவற்றுறைப் பக்கம் போயிருந்தபோது ஒரு பாடசாலையின் ஆரம்பப் பிரிவுச் சுவரில் பிள்ளைகளின் சித்திரங்கள் ஒட்டப்பட்டிருக்கக் கண்டேன். 14 தாள்கள். 14இலும் இரண்டு மலைகள். நடுவே பாதிச் சூரியன். மலையடியிலிருந்து வளைந்து வரும் ஓர் ஆறு. கரையில் ஒரு தென்னை. (பாடசாலையின் பெயர் வேண்டாம். இத்தகைய சுவர் அங்கு மட்டும் இருப்பதன்று.)

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவகத்திலும் மலை இல்லை என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கீரிமலைக்குக்கூடப் பெயரில் மட்டுமே மலை உண்டு. வழுக்கையாறோ மாரி மழைக்கு ஓடி அராலியருகே கடலோடு கலந்துவிடும். அப்படியிருக்க, நாற்புறமும் கடல் சூழ்ந்த பிள்ளைக்கு இந்த மலையும் ஆறும் எங்கிருந்து வந்தன? கரும்பலகையிலிருந்து வந்தன. ஆசிரியர் கீறினார், பிள்ளைகள் பார்த்துக் கீறினார்கள்.

ஒரேயொரு தாளில் ஆற்றின்மேல் ஒரு படகு இருந்தது. பின்புறம் இயந்திரம் பூட்டிய, பக்கத்தில் பதிவு இலக்கம் எழுதப்பட்ட படகு. அந்த இலக்கத்தின் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு. “படத்தில் எழுத்து வேண்டாம்” என்று அருகே ஒரு குறிப்பு. அந்த வகுப்பில் தான் கண்டதை நினைவில் வைத்திருந்து தாளில் இறக்கிய பிள்ளை அவன் ஒருவன்தான். திருத்தம் பெற்றவனும் அவன்தான்!

இதற்கு ஆசிரியரை மட்டும் குற்றஞ்சாட்டுவது எளிது, நியாயமாகாது. சித்திரத்துக்கு ஒதுக்கப்படுவது பெரும்பாலும் வாரத்தின் கடைசிப் பாடவேளை. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் எந்தப் பிள்ளையும் ஒரு கோடு கீறிக் காட்டவேண்டியதில்லை. எனவே நான்காம் தரத்திலேயே பயிற்சி வினாத்தாள் அந்தப் பாடவேளையையும் விழுங்கிவிடுகிறது. “படம் கீறிச் சோறு தின்னலாமோ?” என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. அவர்களே போட்டி என்று வந்துவிட்டால் ரெஜிபோம் வாங்கி, இரவிரவாக விழித்திருந்து வெட்டி ஒட்டி, பிள்ளையின் பெயரை எழுதி அனுப்புகிறார்கள்.

பாடத்திட்டத்தின்மீது பழியைப் போடவும் முடியாது. 1998, 1999ஆம் ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை மூன்றையும் இணைத்தே கற்பிக்கச் சொன்னது. வகுப்பறைக்கு வெளியே போகாதே என்று அது எங்கும் சொல்லவில்லை.

இவையொன்றும் புதிய சிந்தனைகளும் அல்ல. வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் 1897இல் சிறுவர் கலை வகுப்பைத் தொடங்கி, பெரியவர்களின் படத்தைப் பார்த்துக் கீறும் வழக்கத்தை மறுத்தார். சாந்திநிகேதனில் பயின்று 1944இல் சேவாகிராமத்தில் கலை ஆசிரியராகச் சேர்ந்த தேவிபிரசாத், கலையே கல்வியின் அடிப்படை என்று தம் நூலுக்குப் பெயரே வைத்தார். நம்மிடமும் ஆட்கள் இருந்தார்கள். 1938இல் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் சித்திரக் கழகம் கண்டார். குருநகரில் பிறந்த ஓவியர் மாற்கு ஆசிரியராக இருந்து ஒரு தலைமுறை ஓவியர்களை உருவாக்கினார். மாற்குவுக்கு மலர் வெளியிட்ட சமூகம், அவர் செய்த தொழிலை வாரத்தின் கடைசிப் பாடவேளைக்குத் தள்ளிவைத்திருக்கிறது.

சரி, என்னதான் செய்யலாம்? ஒரு தவணைக்கு ஒரேயொரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். கரை என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் பென்சில் வேண்டாம். கரைக்குப் போய்ப் பார்க்கட்டும்; ஊரி, கணவாய் ஓடு, அறுந்த வலைத்துண்டு என்று கைக்கு அகப்பட்டதைப் பொறுக்கி வரட்டும். மறுநாள் வள்ளத்தை நினைவிலிருந்து கீறட்டும். பிறகு மீண்டும் கரைக்குப் போய், தாம் கீறியதில் எது விடுபட்டது என்று தாமே கண்டுபிடிக்கட்டும். இந்த இரண்டாம் பயணந்தான் முக்கியம். இதை விட்டுவிட்டால் எஞ்சுவது வெறும் சுற்றுலா. பிள்ளைகள் குறைந்துபோன நமது சிறிய பாடசாலைகளுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு: 12 பிள்ளைகளை ஓர் ஆசிரியரும் இரண்டு தாய்மாரும் பத்திரமாகக் கூட்டிச்சென்று வரலாம். கொழும்பில் 40 பேர் கொண்ட வகுப்பால் அது முடியுமா?

அடுத்து, சத்தகம் பிடிக்கத் தெரிந்த ஒரு ஆச்சியை வகுப்புக்கு அழையுங்கள். சார்வோலையை அவர் வார்ந்து கொடுக்க, பிள்ளைகள் பின்னட்டும். ஒன்று விட்டு ஒன்று, இரண்டு விட்டு ஒன்று என்று ஓலை எண்ணும்போது கணிதமும் சேர்ந்து நடக்கிறது. நீத்துப்பெட்டியும் கடகமும் பின்னத் தெரிந்தவர்கள் இன்னும் எத்தனை காலம் நம்மோடு இருப்பார்கள்? மஞ்சளும் கரியும் செவ்வரத்தம்பூவும் நிறம் தரும். பெரிய தாள் வேண்டுமென்றால் அச்சகங்களைக் கேளுங்கள். உருளையில் எஞ்சும் பத்திரிகைத் தாளை என் பிள்ளைகளுக்காக நான் பல ஆண்டுகள் வீட்டுக்குச் சுமந்திருக்கிறேன்; யாரும் காசு கேட்டதில்லை.

முடிந்தவற்றைப் பிள்ளையின் கண் உயரத்தில் தொங்கவிடுங்கள். புள்ளி போடாதீர்கள்.

இனி, புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒரு வார்த்தை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து ஆண்டுதோறும் பஸ்டல் பெட்டிகளும் கொப்பிகளும் அனுப்புகிறீர்கள். கையளிக்கும் படத்தைப் பத்திரிகையில் பலமுறை போட்டவன் நான். அந்தப் பெட்டிகளில் சில அதிபரின் அலுமாரியில், “பிள்ளைகள் முறித்துப்போடுவார்கள்” என்ற காரணத்தோடு பூட்டிக் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை அதே பணத்தில் அந்த ஆச்சிக்கு ஒரு தவணைக்கான கொடுப்பனவையும் போக்குவரத்துச் செலவையும் கொடுங்கள். கையளிப்புப் படத்துக்குப் பதிலாகப் பிள்ளைகள் கீறிய படங்களை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வந்த படங்களில் மலை இருந்தால், அந்த மலை எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்டு ஒரு கடிதம் போடுங்கள்.