குருதியில் சாட்சி தேடுவோர்

மில்லர்புரத்தில் நம் வீட்டுக்குச் சில நாட்களுக்கு முன் ஒரு தந்தை வந்திருந்தார். அவருடைய மகன் நம்மிடம் தமிழ் பயின்றவன். மருத்துவர்கள் பைபோலார் என்று சொல்லும் இருமுனை மனநோய்க்கு மருந்து உண்டு வருபவன். சில வாரங்கள் உறக்கமின்றிப் பேச்சும் திட்டமுமாய்ப் பொங்குவான். பிறகு மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழ மாட்டான். இந்நோய் இரத்தத்திலேயே தெரியும் என்று தந்தை எங்கோ படித்திருக்கிறார். கையில் ஆய்வகத் தாள். "எல்லாம் நார்மல்னுதான் போட்டிருக்கு சார். ரத்தத்துல ஒண்ணுமில்லைங்கும்போது மாத்திரை எதுக்கு?" என்றார். மாத்திரையை நிறுத்தியும் விட்டிருந்தார்.

அவர் படித்தது முழுப் பொய்யன்று. உடலில் அழற்சி ஏற்படும்போது நோய் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூக்கின்-6 போன்ற புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றின் தூண்டுதலால் கல்லீரல் சி.ஆர்.பி. என்னும் புரதத்தை உண்டாக்குகிறது. இருமுனை நோயாளர் பலரிடம் இவற்றின் அளவு சராசரியாகக் கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. மனம் பொங்கியெழும் காலத்தில் சி.ஆர்.பி. இன்னும் உயர்கிறது என்பர். ஆக, இந்நோயில் மூளை மட்டுமன்றி உடல் முழுவதற்கும் பங்குண்டு என்று எண்ண இடமிருக்கிறது.

ஆனால் 'சராசரியாக' என்ற சொல்லைத் தந்தை கவனிக்கவில்லை. ஈறு வீக்கம், உடற்பருமன், புகைப்பழக்கம், சாதாரணக் காய்ச்சல் ஆகியவற்றிலும் இதே புரதம் உயரும். நோய் முற்றியவரிடமும் அது இயல்பாக இருக்கலாம். இருமுனை நோய் உண்டு என்றோ இல்லை என்றோ தீர்ப்புச் சொல்லும் இரத்தப் பரிசோதனை இன்றுவரை இல்லை. அழற்சியைத் தணித்தால் நோய் தணியுமா என்றும் பார்த்தார்கள். பாகிஸ்தானில் 266 பேரிடம் மினோசைக்ளின், செலிகாக்சிப் என்னும் மருந்துகளைச் சோதித்து 2020இல் வெளியிட்ட முடிவில், அவை இந்நோயின் மனச்சோர்வுக்குப் பயன்தரவில்லை.

மனநோயை நோயாகவே பார்ப்பதற்கு நாம் ஏன் இவ்வளவு தயங்குகிறோம்? பேய் என்று கொண்டு கட்டிவைத்தோம். இதே கடற்கரையில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று காப்பகமொன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். இலக்கிய அன்பர்களாகிய நாம் இன்னொரு பிழை செய்கிறோம். மனநோயால் அல்லலுற்று 33 வயதில் தம்மை மாய்த்துக்கொண்ட கவிஞர் ஆத்மாநாமின் (1951-1984) துன்பத்தைக் கவித்துவத்தின் விலையென்று வியக்கிறோம். வியக்கப்படும் நோய்க்கு மருந்து தேடுவார் யார்? இப்போது மூன்றாவதாக, தாளில் எண் ஏறினால்தான் நோய் என்கிறோம்.

இரத்தம் சாட்சி சொன்னால்தான் ஒருவனுடைய துன்பத்தை நம்புவோம் என்பது நம் பார்வையில் அறமாகாது. 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இந்நோயுற்றோரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை. புதிய அளவுகோல் வரும்வரை அவர்கள் காத்திருக்க முடியாது. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இந்நோய்க்குப் பயன்படுத்திக் காட்டிய லித்தியம் இன்றும் பலரைக் காக்கிறது.

அந்தத் தந்தையிடம் நாம் சொன்னது இவ்வளவுதான். மகனுக்கு இரத்தப் பரிசோதனை தேவைதான். அவன் உண்பது லித்தியம். குருதியில் அதன் அளவு மிகாமலும் குறையாமலும் இருக்கிறதா, சிறுநீரகமும் தைராய்டும் நலமாக உள்ளனவா என்று காலந்தோறும் பார்க்க வேண்டும். நோய் உண்டா என்று கேட்பதற்கன்று, மருந்து செவ்வனே காக்கிறதா என்று அறிவதற்கு. மறுநாளே மகனை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், அவரைக் கேளாமல் எதையும் நிறுத்தாதீர்கள் என்றோம். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நீங்களும் கூட வாறீங்களா சார்?" என்று கேட்டார். சென்றோம்.