மலிவு ஸ்கோப்பும் மலிவு வீரமும்

திருத்தங்கலில் காற்றுத் துப்பாக்கிக்கு மலிவான ஸ்கோப் தேடி அலையும் இளைஞர்களை நாம் அறிவோம். எதை வாங்கலாம் என்கிறார்கள். எதுவும் வேண்டாம் என்பதே நம் பதில்.

சுருள்வில் துப்பாக்கி பின்னும் முன்னும் உதைப்பது. அவ்வுதையைத் தாங்கச் செய்யப்படாத மலிவுச் சரக்கில் குறி விரைவிலேயே நகர்ந்துவிடும். விலை கூடியதை மாட்டினாலும் குண்டின் வலு கூடாது. உரிமமின்றி வைத்திருக்கக்கூடிய 0.177 அங்குலத் துப்பாக்கியின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டலாகாது. வேட்டின் ஓசை மருந்தில் இருக்கிறது, மேலொட்டிய வண்ணத்தாளில் இல்லை. பட்டாசு ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவா வேண்டும்? முயல் கண்ணுக்குத்தான் அருகே வருகிறது, குண்டுக்கு அல்ல. காயத்தோடு ஓடியது கருவேலம் புதருக்குள் கிடந்து மெல்லச் சாகும். இதுவா வேட்டை?

கார்பெட்டைப் படித்த கிறக்கத்தில் நம் இலக்கிய அன்பர்களும் தலையாட்டுகிறார்கள். (அவரே பின்னாளில் புகைப்படக் கருவிக்கு மாறியதை வசதியாக மறந்துவிட்டு.) 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி மயிலைச் சுட்டால் 3 ஆண்டுக்குக் குறையாத சிறை. பயிரைக் கிளறும் பன்றிக்கு என்ன வழி என்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் பன்றியை இத்துப்பாக்கி வீழ்த்தாது, வனத்துறையிடம்தான் முறையிட வேண்டும்.

கண்ணாடி வாங்கியே தீரவேண்டுமெனில் பைனாகுலர் வாங்குங்கள். மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில், 1988இல் சரணாலயம் கண்ட சாம்பல் நிற அணில் மரத்துக்கு மரம் தாவிக்கொண்டிருக்கிறது.