எலுமிச்சம்பழமும் டென்னிஸ் மட்டையும்

டென்னிஸ் பந்தயங்களை டெலிவிஷனில் பார்க்கிறீர்கள் அல்லவா? ஆட்டக்காரர்கள் பக்கம் மாறும்போது 90 விநாடி ஓய்வு கிடைக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு புட்டியிலிருந்து வர்ணப் பானத்தை இரண்டு வாய் குடிக்கிறார்கள். பிறகு எழுந்து புலி மாதிரி பாய்கிறார்கள்! "நம் குழந்தைக்கும் அதில் ஒரு புட்டி வாங்கிக் கொடுத்தால் என்ன?" என்று உங்களுக்குத் தோன்றினால் ஆச்சரியமில்லை.

வாங்குவதற்கு முன்னால், அதன் கதையைக் கேளுங்கள்.

1965-ல் அமெரிக்காவின் புளோரிடா சர்வகலாசாலையில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய மாணவர்கள் வெயிலில் சுருண்டு விழுந்தார்கள். டாக்டர் ராபர்ட் கேட் என்பவரும் அவருடைய சகாக்களும் காரணத்தை ஆராய்ந்தார்கள். வியர்வையோடு தண்ணீர் மட்டுமல்ல, உப்பும் போய்விடுகிறது. உடம்பிலுள்ள சர்க்கரையும் செலவாகிவிடுகிறது என்று கண்டார்கள். மூன்றையும் கலந்து ஒரு பானம் தயாரித்தார்கள். வாயில் வைக்க முடியவில்லை! டாக்டரின் மனைவி மேரிதான், "கொஞ்சம் எலுமிச்சம்பழச் சாறு விட்டுப் பாருங்களேன்" என்றாராம். உலகப் புகழ் பெற்ற 'கேடோரேட்' பிறந்தது அப்படித்தான். விஞ்ஞானத்துக்கும் சமையலறையின் தயவு வேண்டியிருக்கிறது, பார்த்தீர்களா?

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. குடலில் உப்பும் சர்க்கரையும் கைகோத்துக்கொண்டு உள்ளே போகும்போது, தண்ணீரையும் கூடவே இழுத்துச் செல்கின்றன. ஆனால் சர்க்கரை அளவோடு இருக்க வேண்டும். நூறு பங்கில் ஆறு பங்கு சரி. பாகு மாதிரி இனித்தால் வயிற்றிலேயே தங்கிவிடும்.

நல்ல வெயிலில் ஒரு டென்னிஸ்காரர் மணிக்கு ஒன்று முதல் இரண்டரை லிட்டர் வரை வியர்வை சிந்தக்கூடும். 2012-ல் ஆஸ்திரேலியப் பந்தயத்தின் இறுதி ஆட்டத்தில் ஜோக்கோவிச்சும் நடாலும் 5 மணி 53 நிமிஷம் போராடினார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அந்தப் பானம் அவசியந்தான். மணிக்கணக்கில் வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்துக்கொண்டே இருந்தால், ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போய் ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

ஆனால் புட்டியே வெற்றி தந்துவிடுமா? 1989-ல் பாரிஸில் 17 வயதுப் பையன் மைக்கேல் சாங், உலகின் முதல் ஆட்டக்காரராயிருந்த லெண்டிலை எதிர்த்து ஆடினான். முதல் இரண்டு செட்டும் போய்விட்டன. பிறகு தசைகள் பிடித்துக்கொண்டன. தண்ணீரும் வாழைப்பழமுமாகச் சமாளித்து, 4 மணி 37 நிமிஷம் ஆடி ஜயித்தான்! அதே பாரிஸில் 2023-ல் அல்கராஸ் என்ற இளைஞருக்கும், ஜோக்கோவிச்சுடன் ஆடும்போது உடம்பெல்லாம் தசை பிடித்துக்கொண்டது. ஆட்டம் கைநழுவியது. மனப் பதற்றமே காரணம் என்று அவரே ஒப்புக்கொண்டார். பதற்றத்துக்குப் புட்டியில் மருந்து ஏது?

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். குழந்தை மாலையில் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு வந்தால் தண்ணீரே போதும். அரை லிட்டர்ப் புட்டியில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கும். அதாவது ஏழு தேக்கரண்டி! புளிப்பும் இனிப்பும் சேர்ந்து பல்லையும் அரிக்கும்.

பந்தய நாட்களின் கதை வேறு. ஒரே நாளில் இரண்டு ஆட்டம் இருந்தால், முதல் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் குழந்தையை நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால், சுமார் ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது என்று அர்த்தம். இடைவேளையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரும், உப்புச் சேர்ந்த ஆகாரமும் கொடுங்கள். வெயிலில் நெடுநேரம் ஆட வேண்டியிருந்தால், அந்தப் பானத்தையும் அளவோடு கொடுக்கலாம்.

இன்னொன்றை மறந்துவிடாதீர்கள். வயிற்றுப்போக்குக்கு இந்தப் புட்டி உதவாது. அதற்கென்றே மருந்துக் கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பொடியில் உப்பு அதிகம், சர்க்கரை குறைவு. பார்வைக்கு இரண்டும் சகோதரிகள் மாதிரி இருக்கலாம். ஆனால் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

இழந்ததைத் திருப்பித் தருவதுதான் பானத்தின் வேலை. இல்லாத திறமையை அது கொண்டுவந்து கொடுக்காது. அது பயிற்சியால்தான் வர வேண்டும்.