செருப்பு தைத்தவர்களின் நாளைத் திருடிய ராஜா

அக்டோபர் 25 என்றதும் ஐரோப்பிய வரலாறு படித்தவர்கள் சட்டென்று சொல்வது அஜின்கோர்ட் போர். 1415-ல் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றி, தன்னைவிடப் பெரிய பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த நாள். சரி, அந்த நாள் உண்மையில் யாருடையது?

இடைக்காலக் கிறிஸ்தவ நாள்காட்டியில் அது கிறிஸ்பின், கிறிஸ்பினியன் என்ற இரண்டு புனிதர்களின் திருநாள். மரபுக்கதைப்படி, ரோமிலிருந்து பிரான்ஸின் சுவாசோன் நகருக்கு வந்த சகோதரர்கள். பகலில் போதனை, இரவில் செருப்பு தைத்துப் பிழைப்பு. 3-ம் நூற்றாண்டின் இறுதியில் கொல்லப்பட்டார்கள். செருப்புத் தொழிலாளர்கள் தங்கள் பாதுகாவலர்களாகக் கொண்டாடியது இவர்களைத்தான். அதே நாளில் கிரிசாந்துஸ், தாரியா என்ற தம்பதிக்கும் நினைவு உண்டு. ரோமில் உயிரோடு புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் மறைசாட்சிகள்.

ஆக, எல்லோருமே ஆயுதம் எடுக்காமல் செத்தவர்கள். அவர்களுடைய நாளில் ஹென்றி என்ன செய்தார்? பிடிபட்ட கைதிகளைக் கொல்ல உத்தரவிட்டார்!

அதோடு விட்டார்களா? 1414-ல் சுவாசோன் நகரைப் பிரெஞ்சு அரசப்படையே சூறையாடியிருந்தது. அதற்குப் பழிவாங்கத்தான் இந்தப் புனிதர்கள் இங்கிலாந்தை ஜெயிக்க வைத்தார்கள் என்று ஒரு கதை கிளம்பியது. 1416-ல் கான்டர்பரி பேராயர் ஹென்றி சிச்செலி, அதே தேதியில் வரும் பெவர்லி யோவான் என்ற ஆங்கிலேயப் புனிதரின் விழாவையும் நாடு முழுக்கக் கொண்டாடச் சொன்னார். வெற்றிக்கு ஒரு உள்நாட்டுப் புனிதரும் வேண்டுமே!

"அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள்" என்பார்கள். நம்பியிருக்கலாம். ஆனால் புனிதரை வணங்குவது வேறு, அவரைப் படையில் சேர்ப்பது வேறு.

பிறகு வந்தார் ஷேக்ஸ்பியர். அவருடைய 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில், போருக்கு முன் ராஜா பேசும் புகழ்பெற்ற வசனத்தில் கிறிஸ்பியன் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அவர் யார், என்ன தொழில் செய்தார் என்று ஒரு வார்த்தை கிடையாது. செருப்பு போய்விட்டது, வாள் மட்டும் மிச்சம்.

ஒருவருடைய வரவை இன்னொருவர் பேரில் எழுதினால் கணக்கில் அதற்குப் பெயர் மோசடி. வரலாற்றில் மட்டும் அதற்குப் பெயர் பெருமையா?

இத்தனைக்கும் ஹென்றியின் படை ஹார்ஃப்ளூரிலிருந்து இரண்டு வாரத்துக்கும் மேல் நடந்துதான் அந்தக் களத்துக்கு வந்தது. அந்தக் கால்களுக்குச் செருப்பு தைத்தவன் பேரை எந்த நாடகமும் சொல்லவில்லை. அவனுக்கென்று வருடத்தில் இருந்தது ஒரே ஒரு நாள். அதையாவது விட்டு வைத்திருக்கலாம்.