கேபின் மேல் கேரியர்: நாம் எடுக்க வேண்டிய நிலை

பிக்கப்புக்குக் கேரியர் போட்டுக் கொடுத்தால் எஃப்சியில் மாட்டுமா என்று ரிஷிவந்தியம், தியாகதுருகம் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கேட்டபடி இருக்கிறார்கள். 2019 ஜனவரி 9 அன்று கேரள வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது தெளிவானது: உற்பத்தியாளர் கொடுத்து ஆர்.சி.யில் ஏறிய விவரத்தை மாற்றக் கூடாது. அதே ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் வந்த 182ஏ(4), ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஆனால் 52-வது பிரிவின் விளக்கம், வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றிவிடும் கட்டமைப்பு மாற்றத்தைத்தான் குறிக்கிறது. போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் கேரியர் அதில் சேராது என்பது நம் வாதம். எல்லா பிரேக் இன்ஸ்பெக்டரும் இதை ஏற்பார்கள் என்று உறுதி சொல்ல முடியாது. கேபின் கூரையில் ஓட்டை போட்டு, தூணில் வெல்டிங் வைத்த கேரியருக்கு இந்த வாதமும் கிடையாது. அந்த வேலையை நாம் விட்டுவிட வேண்டும்.

சட்டத்தைத் தள்ளிவைத்தாலும் அந்த வேலை தப்புதான். கேபினும் பாடியும் சேஸ் மேல் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. பள்ளத்தில் இறங்கும்போது இரண்டும் வேறு வேறு பக்கம் முறுக்கும். ஒரே பிரேமால் இரண்டையும் இறுக்கிக் கட்டினால் சில மாதத்தில் வெல்டிங் விரியும், அல்லது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கூரைத்தகடு கிழியும். எனவே கேரியரின் கால்கள் பாடியின் முன்தடுப்பில் நிற்கட்டும். கேபினுக்கு மேலே தொடாமல் நீளட்டும். 8.8 கிரேடு போல்ட், நைலாக் நட், உள்பக்கம் தாங்குதகடு. முதல் லோடு இறங்கியதும் வண்டியை வரவழைத்து எல்லா நட்டையும் மறுபடி முறுக்குங்கள். வண்டியில் வைத்தே வெல்டிங் அடிக்க நேர்ந்தால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

பிரேக் அடித்தால் சரக்கு முன்னால் பாயும். எடையில் 0.8 பங்கு விசையைத் தாங்கும்படி முன்பக்கம் கட்டு வேண்டும் என்பது ஐரோப்பிய இ.என். 12195 தரத்தின் கணக்கு. 20 அடி போர்வெல் பைப்பை முன்னும் பின்னும் நீட்டி ஏற்றினால் 194(1ஏ)-படி 20,000 ரூபாய் அபராதம். அது ஓட்டுநருக்கே தெரியும்.

எனக்கு நெடுநாளாக உறுத்துவது வேறு. கேரியர் கேட்டு வருகிறவர் கடைசியில், “பின்னாடி ரெண்டு படி வச்சிடுங்க, சைடுல ஒரு கைப்பிடி” என்கிறார். பைப்புக்குக் கைப்பிடி தேவையில்லை. அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறப்போவது கல்வராயன் மலைச் சனங்கள். ஆள் மேலே ஏறினால் வண்டியின் ஈர்ப்பு மையமும் மேலே ஏறுகிறது. கொண்டையூசி வளைவில் அதுவே போதும். 2022 ஏப்ரலில் ஜவ்வாது மலையில் கோயிலுக்குப் போன பிக்கப் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். சரக்கு வண்டியில் சும்மா ஏறிவந்தவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே ஆஷா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. மரவள்ளி மூட்டைக்குச் சொந்தக்காரர் என்றால் வழி உண்டு. மருந்து வாங்கப் போன கிழவிக்கு இல்லை.

கைப்பிடி வைக்காதே என்று நம்மிடம் சொல்வது எளிது. நாமும் வைக்க மாட்டோம். பில்லிலும் ‘ஆள் ஏற்ற அல்ல’ என்று எழுதுவோம். ஆனால் அந்தக் கிழவி எதில் வருவாள்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அத்தனை உயிரைக் குடித்த பிறகுதான், உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலையின் அடிப்படை வசதிகளைப் பற்றி அரசைக் கேட்டது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-ல். கோர்ட் கேட்கும்வரை ஒரு மாவட்ட நிர்வாகத்துக்கு இது தெரியாதா? அடிவாரத்தில் நின்று பிக்கப்பை மறித்து அபராதம் போட ஆள் இருக்கிறது; அதில் இருந்து இறக்கிவிடப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு மேலே போக வண்டி இல்லை. பட்டறைக்காரன் வெல்டிங்கில் குற்றம் காண்கிற போக்குவரத்துத் துறை, பெரிய பஸ் திரும்ப முடியாத மலைச்சாலைக்குச் சின்ன வண்டிக்கு பர்மிட் கொடுக்கும் அதிகாரத்தையும் தன் கையில்தான் வைத்திருக்கிறது. கழற்றி மாட்டும் கேரியருக்கு அனுமதிக்கும் உயரம், எடை, பொருத்தும் முறை இவற்றைத் தமிழில் ஒரே சுற்றறிக்கையாக வெளியிடச் சொல்லி அந்தத் துறைக்கு எழுதுகிறோம். அதே கடிதத்தில் மலை கிராமங்களுக்கான சின்ன பஸ்ஸையும் கேட்கிறோம். கையெழுத்திட விரும்பும் பட்டறைகள் இந்த மாத இறுதிக்குள் பெயர் கொடுங்கள்.