ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்கேன் எதற்கு?



"ஆபரேஷன் முடிஞ்சாச்சு, பணமும் கட்டியாச்சு. மறுபடி எதுக்கு டீச்சர் சி.டி. ஸ்கேன்? காசு பிடுங்கத்தானே?" என்று போன மாதம் மட்டும் இரண்டு பேர் போனில் கேட்டார்கள். தேவையில்லாத ஸ்கேன்கள் எழுதப்படுவது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வயிற்று ஆபரேஷனுக்குப் பின் குடல் இயங்காமல் நிற்கும்போது எழுதும் ஸ்கேனையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். நான் மருத்துவர் இல்லை. கேட்டும் படித்தும் அறிந்ததை, வகுப்பில் சொல்வதுபோலச் சொல்கிறேன்.

வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தால் குடல் சில நாள் தூங்கிவிடும். சிறுகுடல் சீக்கிரம் விழிக்கும். பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம். அது இயல்பு. நாலைந்து நாள் ஆகியும் வாயு பிரியவில்லை, வயிறு உப்புகிறது, பச்சையாக வாந்தி வருகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால்தான் கேள்வி எழுகிறது. குடல் இன்னும் தூங்குகிறதா? ஒட்டிக்கொண்டோ முறுக்கிக்கொண்டோ அடைத்துவிட்டதா? தைத்த இடத்தில் கசிகிறதா? மூன்றுக்கும் வெளியில் தெரியும் அறிகுறி ஏறக்குறைய ஒன்றுதான். வைத்தியமோ வேறு வேறு. தூங்கும் குடலுக்குப் பொறுமையும் மூக்குக் குழாயும் போதும். அடைப்புக்கும் கசிவுக்கும் சில சமயம் உடனே மறு ஆபரேஷன் வேண்டும்.

இங்கேதான் சி.டி. உதவுகிறது. எக்ஸ்ரே என்பது முழு மலைவாழைப்பழத்தின் நிழல். சி.டி. அதையே வட்ட வட்டமாக நறுக்கிப் பார்ப்பது. குடல் எந்த இடம் வரை வீங்கி, எங்கிருந்து சுருங்கியிருக்கிறது என்பது தெரியும். சீழ் கட்டியிருந்தால் அதுவும் தெரியும். பல சமயம் ஊசி வழியாகவே வெளியேற்றிவிடலாம்.

இந்தக் கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு, இசைத்தட்டு விற்ற இ.எம்.ஐ. கம்பெனியின் பொறியாளர். 1971-ல் லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தார். 1979-ல் நோபல் பரிசு. அவரும் என்னைப்போல டிப்ளமோ படித்தவர்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை!

அதற்காக முதல் நாளே ஸ்கேன் எடுங்கள் என்று டாக்டரை நெருக்கவும் வேண்டாம். ஆபரேஷனின்போது உள்ளே போன காற்றும் நீரும் சில நாள் தங்கும், படம் குழப்பும். வயிற்று சி.டி. ஒன்றின் கதிர்வீச்சு, இயற்கையாக நம்மீது படும் சுமார் மூன்று ஆண்டு அளவு. கிரியேட்டினின் அதிகம், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், முன்பு அலர்ஜி, கர்ப்பம் என்று எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். ஸ்கேன் சரியாக இருந்தும் ஆள் மோசமாகிக்கொண்டே போனால், படத்தைவிட ஆளைத்தான் நம்ப வேண்டும்.

டாக்டரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த ஸ்கேனில் என்ன தெரிந்தால் வைத்தியம் மாறும்?" பதில் தெளிவாக இருந்தால் தயங்காதீர்கள். கட்டணம் பாரமென்றால் அரசு மருத்துவமனை ஸ்கேன் மையத்தையும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தையும் விசாரியுங்கள். திண்டுக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

நம்மவர்களிடம் இரண்டு பழக்கங்கள் மாற வேண்டும். ஒன்று, வெட்கம். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் "வாயு பிரிஞ்சுதா?" என்று கேட்டால், மருமகள் நிற்கிறாளே என்று "ஆச்சு ஆச்சு" என்று தலையாட்டுகிறார்கள். ஸ்கேன் வேண்டுமா வேண்டாமா என்பதே அந்தப் பதிலில் இருக்கிறது.

இரண்டாவது, அவசரம். பூம்பாறை, மன்னவனூர், தாண்டிக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது. டிஸ்சார்ஜ் ஆன அன்றே மலை ஏறிவிடுகிறீர்கள். ராத்திரி வாந்தி எடுத்தால் அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கித்தான் ஸ்கேனுக்கு வர வேண்டும். பழனியிலோ வத்தலக்குண்டிலோ சொந்தக்காரர் வீட்டில் சில நாள் தங்குங்கள்.

ஒட்டல் பல வருஷம் கழித்தும் அடைக்கலாம். போப் பிரான்சிஸுக்கு 2021-ல் பெருங்குடல் ஆபரேஷன். 2023 ஜூனில், பழைய தழும்பில் குடல் சிக்கி மறுபடி ஆபரேஷன். உள்ளே ஒட்டல்களும் இருந்தன. அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் படத்தையும் ரேஷன் கார்டு வைக்கும் இடத்திலேயே பத்திரமாக வையுங்கள். அடுத்த டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.