மூக்குத்திக் கல்லும் வெட்டுண்ட கைகளும்

மொரப்பூர் ரயில் நிலையத்தில் திருப்பூருக்கும் கோவைக்கும் வண்டி ஏறும் நம் பெண்பிள்ளைகளைப் பாருங்கள். கல்யாணச் செலவுக்கென்றே மில்லுக்குப் போகிறவர்கள் பலர். தோடு, மூக்குத்தி என்று மாப்பிள்ளை வீட்டார் நீட்டும் பட்டியல் அவர்களை விரட்டுகிறது. ஆனால் வைரம் கூலிக்காரன் வீட்டு வாசலை மிதித்ததில்லை. அதைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று தோழர்கள் கேட்கலாம்.

பேச்சு இருக்கிறது. அந்தக் கல்லைத் தோண்டுகிறவனும் கூலிக்காரன். பட்டை தீட்டுகிறவனும் கூலிக்காரன்.

மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் என்றொரு சிறு நாடு. அங்கே கோனோ வட்டாரத்தில் ஆற்று மணலைச் சலித்தால் வைரம் கிடைக்கும். 1991-ல் மூண்ட உள்நாட்டு யுத்தத்தில் ஆர்.யு.எஃப். என்ற கலகப்படை அந்த வட்டாரத்தைப் பிடித்து, ஜனங்களைத் துப்பாக்கி முனையில் தோண்ட வைத்தது. லைபீரியா வழியாகக் கல் வெளியே போயிற்று. ஆயுதம் உள்ளே வந்தது. 1996-ல் தேர்தல் வந்தபோது, வோட்டுப் போடக் கை இருக்கக் கூடாதென்று ஏழைகளின் கைகளை வெட்டினார்கள். சிறுவர்கள் கையில் துப்பாக்கியைத் திணித்தார்கள். 2002-ல் யுத்தம் முடிவதற்குள் மாண்டவர்கள் சுமார் 50,000 பேர். கலகக்காரர்களுக்குத் துணைபோன லைபீரியாவின் முன்னாள் ஜனாதிபதி சார்லஸ் டெய்லருக்கு 2012-ல் விசேஷ நீதிமன்றம் 50 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. நியாயமே! ஆனால் அந்தக் கல்லை விற்றுக் கொழுத்த வியாபாரிகளில் எத்தனை பேர் கூண்டில் ஏறினார்கள்?

உலகம் கண்டனம் எழுப்பிய பிறகு, 2003-ல் கிம்பர்லி ஏற்பாடு அமலுக்கு வந்தது. பட்டை தீட்டாத கல்லுடன், யுத்தக் கறை இல்லையென்ற சர்க்கார் சான்றிதழ் இருக்க வேண்டும். இதனால் நன்மை உண்டு; ஓட்டையும் உண்டு. கலகப்படைக்குப் பணம் போனால்தான் அது யுத்தக் கல். சர்க்கார் படையே சுட்டால்? 2008 கடைசியில் சிம்பாப்வேயின் மராங்கே வயலில் ராணுவம் ஹெலிகாப்டரிலிருந்தும் சுட்டது. 200-க்கு மேற்பட்ட ஏழைகள் மாண்டதாக மனித உரிமை அமைப்பினர் கூறினர். 2011-ல் அதே வயலின் கல்லுக்கு விற்பனை அனுமதி கிடைத்துவிட்டது!

இதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. உலகத்தின் வைரங்களில் பத்துக்கு ஒன்பது இங்கேதான், பெரும்பாலும் சூரத்தில், பட்டை தீட்டப்படுகிறது. அங்கே பெரும்பாலும் கல்லுக்கு இத்தனை என்றுதான் கூலி. 2008 நெருக்கடியில் சூரத்துத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். மில் கதவடைப்பைக் கண்ட நமக்கு அந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் வைரத்தையே பகிஷ்கரிக்கலாமா? கூடாது. முதலாளிக்கு வேறு வியாபாரம் கிடைக்கும். கோனோவிலும் சூரத்திலும் அடுப்பு அணைவது தொழிலாளி வீட்டில்தான். நாம் கேட்பது வேறு. சர்க்கார் படையின் கொலையும், கட்டாய உழைப்பும், சிறுவர் உழைப்பும் படிந்த கல்லுக்குச் சான்றிதழ் கிடையாது என்று விதியைத் திருத்த வேண்டும். 2019-ல் இந்தியா தலைமை வகித்தபோதே டில்லிக் கூட்டத்தில் இந்தப் பேச்சு எழுந்தது, உடன்பாடில்லாமல் கலைந்தது. பத்தில் ஒன்பது கல் நம் கைவழியே போகையில், நம் சர்க்கார் பிடிவாதமாக நின்றால் யார் மறுக்க முடியும்?

தொழிற்சங்கக் கூட்டத்திலும் விவசாயத் தொழிலாளர் கூட்டத்திலும் இதைப் பேசுவோம். கல்யாணப் பேச்சில் எவராவது வைரத் தோடு கேட்டால், அந்த வெட்டுண்ட கைகளின் கதையைச் சொல்வோம். நம் பெண்ணின் மூன்று வருஷ மில் உழைப்பு ஒரு கல்லுக்குப் போக வேண்டாம்.